வாய்வுக்கு விற்கிற சரக்குகள்: எது நாற்றத்தைக் குறைக்கும், எது சத்தத்தை மட்டும்?

"சத்தம் போடுவது நாறாது, நாறுவது சத்தம் போடாது" என்று வீடுகளில் கிண்டலடிப்பதுண்டு. அதில் பாதி உண்மை. குடலிலிருந்து பிரியும் காற்றில் நைட்ரஜன், ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன் ஆகியவைதான் ஏறக்குறைய முழுவதும். இவை எதற்கும் வாடை கிடையாது. மிச்சமிருக்கும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான கந்தக வாயுக்கள், அதிலும் குறிப்பாக ஹைட்ரஜன் சல்பைடு, அறையைக் காலி செய்ய வைக்கின்றன. ஒரு நாளில் பத்து இருபது தடவை காற்றுப் பிரிவது யாருக்கும் இயல்பு. ஆகவே அளவு ஒரு பிரச்சினை, நாற்றம் இன்னொரு பிரச்சினை. கடையில் போய் "கேஸ் ட்ரபிள்" என்றால் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் முதலாவதற்கான சரக்கு. இரண்டாவதற்கு எது உதவும் என்ற ஒரே கேள்வியோடு இந்த மதிப்பீடு.

மெடிக்கல் ஷாப்பிலிருந்து தொடங்கலாம். சிமெத்திகோன் கலந்த மாத்திரை, சிரப்புகள் குடலில் நுரையாக இருக்கும் சின்னக் குமிழிகளை உடைத்துப் பெரிய குமிழியாக்குகின்றன. காற்று எளிதாக வெளியேறுகிறது. ரத்தத்தில் சேராது, பாதுகாப்பானது. வயிறு உப்பி இழுத்துப் பிடிப்பவர்களுக்குச் சரி. ஆனால் எந்த வாயுவையும் அது அழிப்பதில்லை, நாறும் காற்று நாறும் காற்றாகவே வரும். தண்ணீரில் போட்டால் பொங்கும் ஈனோ வகைப் பொடிகள் இன்னும் தள்ளி நிற்பவை. சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து இரைப்பையில் புதிதாகக் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. ஏப்பம் வருகிறது, "ஆஹா, கேஸ் போயிற்று" என்று நிம்மதி. போனது அந்தப் பொடி கொண்டுவந்த கேஸ்! நெஞ்செரிச்சலுக்கு எப்போதாவது ஒரு பாக்கெட் தப்பில்லை. பெருங்குடலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சோடியம் அதிகம் என்பதால் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தினமும் தொடக்கூடாது.

கறுப்பு மாத்திரைகளில் இருக்கும் கரித்தூள் (ஆக்டிவேட்டட் சார்க்கோல்) பற்றி நல்ல பெயர் ஒன்று உண்டு: "நாற்றத்தை உறிஞ்சிவிடும்." கண்ணாடிக் குடுவையில் உறிஞ்சும். வாய்வழியே போனால், வழியெல்லாம் கண்டதையும் பிடித்து நிரம்பிவிடுவதால் பெருங்குடலுக்கு வரும்போது கந்தக வாயுவைப் பிடிக்க இடம் மிஞ்சுவதில்லை. செரிமான நொதியோடு கலந்து விற்கும் மாத்திரைகள் பலவற்றில் கரியின் அளவு நூறு மில்லிகிராமைக்கூடத் தொடாது. போதாததற்கு, கூடவே விழுங்கும் தைராய்டு, இதய, கருத்தடை மாத்திரைகளையும் அது பிடித்துக்கொள்ளக்கூடும். இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

நாற்றத்தின் மீது நேரடியாக வேலை செய்வது என்று சொல்லத் தகுந்தது பிஸ்மத் சப்சாலிசிலேட். அமெரிக்காவில் பெப்டோ பிஸ்மால் என்ற ரோஸ் நிறத் திரவமாகக் கிடைப்பது. பிஸ்மத் ஹைட்ரஜன் சல்பைடோடு சேர்ந்து கரையாத கறுப்பு உப்பாகிவிடுகிறது. நாக்கும் மலமும் கறுப்பது அதனால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இது ஓரிரு நாள் மருந்து. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும் கூடாது. மாதக்கணக்கில் குடித்தால் பிஸ்மத் உடம்பில் தங்கி நரம்பைப் பாதிக்கும்.

இனி நாட்டு மருந்துக் கடை. இங்கே முதல் இடம் அஷ்ட சூரணத்துக்கு. வடக்கே இங்குவாஷ்டக சூரணம் என்பதும் இதுவே. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் என எட்டுச் சரக்கு. சென்னை இம்ப்காப்ஸ், அரசின் டாம்ப்கால் ஆகியவை தயாரிப்பதை வாங்கலாம். பெயர் தெரியாத பாக்கெட்டை விட வீட்டில் இடிப்பது மேல். பழைய கணக்கு எட்டும் சம பங்கு. பால் பெருங்காயம் கிடைத்தால் அதை மட்டும் கால் பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாக்கு தாங்காது. உப்பும் பெருங்காயமும் நீங்கலாக மற்ற ஆறு சரக்குகளையும் தனித்தனியே இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். சுக்கை முதலில் நசுக்கிக்கொள்ளாவிட்டால் நாரோடு நிற்கும். பெருங்காயத்தை நெய்யில் பொரிந்து உப்பும்வரை வைத்து ஆறவிட வேண்டும். பொரிக்காமல் மிக்சியில் போட்டால் பிளேடில் பிசினாக ஒட்டி, பாதி சரக்கு ஜாரிலேயே தங்கிவிடும். இந்துப்பைத் தனியாக வெறும் சட்டியில் சூடாக்கி ஈரம் போக்கி, கடைசியில் கலந்து சலிக்க வேண்டும். அது ஈரத்தை இழுப்பதால்தான் கடைப் பாக்கெட் திறந்த பத்து நாளில் கட்டி பிடிக்கிறது. கண்ணாடிக் குப்பி, உலர்ந்த கரண்டி, மூன்று மாதத்துக்குள் தீர்க்கும் அளவு.

அரை டீஸ்பூன், சூடான சோற்றில் நெய் விட்டு முதல் கவளத்தோடு. சாப்பிட்டு முடித்து வயிறு உப்பிய பிறகு மோரில் கலக்கிக் குடிப்பவர்கள் உண்டு, அது தாமதம். வயிற்று இறுக்கம், பொருமல் இரண்டிலும் பலன் தெரியும். நாற்றத்தில் குறைவது கொஞ்சம்தான், அதுவும் சாப்பாடு நன்றாக நகர்வதால் கிடைக்கும் மறைமுக லாபம். வயிற்றுப்புண், எரிச்சல் உள்ளவர்களுக்கு இதிலுள்ள திரிகடுகம் (சுக்கு, மிளகு, திப்பிலி) எரியும், தவிர்க்கலாம். இந்துப்பும் சோடியம்தான். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பெருங்காயத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. டப்பாவில் 'கூட்டுப் பெருங்காயம்' என்று இருந்தால், பிசினும் மாவும் பெரும்பகுதி, காயம் சிறுபகுதி. மாவு பெரும்பாலும் கோதுமை. குளூட்டன் ஒவ்வாதவர்கள் லேபிளைப் படித்தே ஆக வேண்டும், அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. நல்ல காயம் தண்ணீரில் கரைத்தால் அடியில் மண்டி அதிகம் நிற்காமல் பால்போல் வெளுக்கும். அதன் வாடையும் கந்தகச் சேர்மங்களால் வருவதுதான் என்பது ஒரு வேடிக்கை. எண்ணெயில் பொரிந்தால் சாந்தமாகிவிடும். நாலு பேர் சாம்பாருக்குக் கொண்டைக்கடலை அளவுக் கட்டி போதும்.

ஓம வாட்டரை வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள்: சர்க்கரையும் நிறமும் முன்வரிசையில் இருந்தால் வைத்துவிட்டு வரலாம். ஒரு டீஸ்பூன் ஓமத்தை வறுத்து 250 மில்லி தண்ணீரில் மூடி கொதிக்கவிட்டு 150 ஆகும்போது வடித்தால் வேலை முடிந்தது. மூடாவிட்டால் ஓமத்துக்கு வாசனை தரும் தைமால் ஆவியோடு போய், மிஞ்சுவது கசப்பு மட்டும்.

நாற்றத்துக்கு உண்மையில் காசு செலவழிக்கத் தகுந்த இடம் மலச்சிக்கல். தேங்கும் மலத்தில் பாக்டீரியாக்களுக்கு நேரம் அதிகம், கந்தக வாயுவும் அதிகம். மலச்சிக்கல் தீராமல் எத்தனை சூரணம் தின்றாலும் வாடை பெரிதாக மாறாது. இசப்கோல் உமி ஒரு டீஸ்பூனை 250 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டும். மற்ற நார்ச்சத்துகளைவிட இது குடலில் குறைவாகவே புளிப்பதால் காற்றும் அதிகம் சேராது. தண்ணீரைக் குறைத்தால் களியாகி அடைக்கும்; பலர் செய்யும் தவறு இதுதான். திரிபலாவும் உதவும், முதல் சில நாள் வயிறு கடமுடவென்றிருக்கும். நிலவாகைச் சூரணம் வேகம், ஆனால் குடலை முறுக்கும்; வாரக்கணக்கில் வேண்டாம்.

கடைசியில் விலையே இல்லாத சிகிச்சை: எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பது. முட்டை, இறைச்சி, வே புரோட்டீன் பொடி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, பூண்டு, வெங்காயம் ஆகியவை கந்தகத்தைக் கொண்டுவருபவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் குற்றவாளி யாரென்று தெரியாது. ஒரு வகையைப் பத்து நாள் நிறுத்தி, பழையபடி சேர்த்துப் பாருங்கள். ஜிம்முக்குப் போகிறவர் முதலில் அந்தப் பொடியை நிறுத்தட்டும். பயறு, மொச்சை, கொண்டைக்கடலையில் காற்றைக் கூட்டுவது ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் கணிசமாகக் குறையும். ஊறிய தண்ணீரில் சத்து போகிறதே என்று அதிலேயே வேகவைத்தால் வயிறு அந்தக் கணக்கைத் திருப்பிக் கேட்கும். பால் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கெட், சூயிங் கம்மில் உள்ள சார்பிடால், மால்டிடால் என்ற இனிப்பூட்டிகளைச் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், ஆன்டிபயாடிக் தொடங்கிய தேதியையும்.

எதற்கும் அசையாமல், அழுகிய முட்டை வாடையில் ஏப்பமும் நீர்த்த மலமும் வாரக்கணக்கில் நீடித்தால் ஜியார்டியா ஒட்டுண்ணியாக இருக்கலாம்; மலப் பரிசோதனையை ஒரே நாளோடு நிறுத்தாமல் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுக்க வேண்டும், ஏனெனில் அது தினமும் வெளியேறுவதில்லை. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தாலோ, எடை குறைந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, வயிற்றுத் தொந்தரவு ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ குடல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து மிச்சச் சூரணத்தை யோசிக்கலாம்.