சாபிக்ஸில் சர்வர் கண்காணிப்பு: நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

அலுவலகத்தின் லினக்ஸ், விண்டோஸ் சர்வர்களைச் சில ஆண்டுகளாக சாபிக்ஸ் வைத்துத்தான் பார்த்து வருகிறேன். லாட்வியாவில் உருவான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், 2001-இல் வெளிவந்தது. நிறுவுவது எளிது. கண்காணிக்க வேண்டிய சர்வரில் ஏஜென்ட்டை (அளவீடுகளை எடுத்துத் தரும் சின்ன புரோகிராம்) போட்டு, அந்த சர்வரை சாபிக்ஸில் ஹோஸ்டாகச் சேர்த்து, அந்த ஓஎஸ்ஸுக்கான டெம்ப்ளேட்டை (எதை அளப்பது, எப்போது அலர்ட் தருவது என்ற தயார் தொகுப்பு) இணைத்தால் போதும். சிபியு, மெமரி, டிஸ்க் விவரங்கள் வரத் தொடங்கிவிடும். ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் சர்வர்களுக்கு ஆக்டிவ் முறைதான் வசதி. சாதாரணமாக சாபிக்ஸ் 10050 போர்ட்டில் வந்து கேட்கும். ஆக்டிவ் முறையில் ஏஜென்ட்டே 10051-க்கு அனுப்பிவிடும்.

உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். டெம்ப்ளேட்டோடு வரும் அலர்ட்டுகளை அப்படியே விட்டால் மெயில் குவியும், யாரும் படிக்க மாட்டார்கள். டிஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். 90 சதவீதம் நிரம்பியது என்றால் 20 ஜிபி டிஸ்க்கில் மிச்சம் 2 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் 400 ஜிபி. இரண்டுக்கும் ஒரே அலர்ட் எப்படிச் சரியாகும்? இப்போதைய வேகத்தில் போனால் எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று கணக்கிடும் 'டைம்லெஃப்ட்' ஃபங்ஷன் 3.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. சதவீதத்தோடு அதையும் சேர்த்து டிரிகர் (அலர்ட் எழுப்பும் நிபந்தனை) எழுதினால், ராத்திரி எழுப்பும் அலர்ட்டுக்கு ஓர் அர்த்தம் இருக்கும். ஐநோடையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு அது, பொதுவாக எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. சின்னச் சின்ன செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்துவிட்டால், ஐநோடு தீர்ந்து, இடம் காலியாக இருந்தும் டிஸ்க்கில் புது ஃபைல் எழுத முடியாது.

மெமரியில் 'ஃப்ரீ' என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை கேஷுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். 'அவைலபிள்' குறைந்துகொண்டே போனால்தான் கவலை. லோட் ஆவரேஜும் (சராசரியாக எத்தனை ப்ராசஸ்கள் ஓடுகின்றன அல்லது காத்திருக்கின்றன என்ற எண்) இப்படித்தான்: டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ்களையும் லினக்ஸ் அதில் சேர்த்துவிடும். லோட் ஏறியும் சிபியு சும்மா இருந்தால், நான் முதலில் ஐஓ வெயிட் (டிஸ்க்குக்காக சிபியு காத்திருக்கும் நேரம்) கிராஃபைத்தான் திறப்பேன். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

ஒரு ஸ்விட்ச் விழுந்தால் அதன் பின்னால் உள்ள எல்லா சர்வர்களும் விழுந்ததாக அலர்ட் வரும். சர்வர் டிரிகர்கள் ஸ்விட்ச் டிரிகரைச் சார்ந்தவை என்று டிரிகர் டிபெண்டன்சி வைத்தால் ஸ்விட்ச் பற்றிய செய்தி மட்டும் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் வாரத்திலேயே செய்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது டிரெண்ட் தரவு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம் மட்டும் தனியாகச் சேமிக்கப்படுவதால் ஓராண்டு கிராஃபும் சட்டென்று திறக்கும். கூடுதல் ரேம் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்கும்போது அந்த ஒரு கிராஃப் போதும், நீண்ட விளக்கம் தேவைப்படாது.

குறை என்றால் டேட்டாபேஸ் வளர்ச்சி. 100 சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 100 அளவீடுகள், நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளுக்கு 1.44 கோடி வரிகள். பழையதை அழிக்கும் ஹவுஸ்கீப்பர் அந்த அளவில் திணறும். டைம்ஸ்கேல்டிபியை (நேர வரிசைத் தரவுக்கான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நீட்டிப்பு) ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். டிஸ்க்கின் மொத்த அளவு போன்ற அதிகம் மாறாதவற்றை மணிக்கு ஒருமுறை எடுத்தாலே போதும்.