வி.வி.டி. மினி டிரக்: புது கேமா, பிரித்த வண்டியின் கேமா?

டெல்டாவில் நெல் ஏற்றும் லாரிகள் அநேகமாக எல்லாமே டீசல். அவற்றில் வி.வி.டி. (வால்வு திறந்து மூடும் நேரத்தை ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு) கிடையாது. கேம் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் சுழல்தண்டு) தேய்ந்தால் அளவு பார்த்து ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். யோசிக்க வேண்டியவர்கள் பெட்ரோல் மினி டிரக் வைத்திருப்பவர்கள்தான். என்னுடையது கைமாறி வந்த வண்டி: 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், உள்வால்வு கேம், வெளிவால்வு கேம் இரண்டிலும் வி.வி.டி. பாபநாசம் பக்கத்திலிருந்து வாழைத்தாரும் தேங்காயும் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் போகும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்கு. டேப்பட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் துண்டு) சத்தம் ஏறிக்கொண்டே வந்தது, செக் எஞ்சின் விளக்கு எரிந்தது, ஸ்கேனர் பி0011 (உள்வால்வு கேமின் டைமிங் சரியில்லை என்ற கோடு) என்று காட்டியது. மேல் கவரைத் திறந்தால் உள்வால்வு கேமில் லோப் (வால்வைத் தள்ளும் மேடு) தேய்ந்து கிடக்கிறது. மாற்றியே ஆக வேண்டும். எதைப் போடுவது?

இரண்டு வழிகளைப் பேச்சுக்காக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒன்று, லேத்தில் கொடுத்து லோப்பைத் திரும்பச் சாணை பிடிப்பது. சாணை பிடித்தால் லோப்பின் அடிவட்டம் சிறுத்துப்போகும், வால்வு இடைவெளி கூடிவிடும். என் எஞ்சினில் திருகி அட்ஜஸ்ட் செய்யும் ஸ்க்ரூ இல்லை. கனம் பார்த்துப் போடும் பக்கெட் டேப்பட்தான். அந்த இடைவெளியை அடைக்கும் அளவுக்குக் கனமான டேப்பட் கிடைக்க வேண்டும். அது பெரும்பாடு. இன்னொன்று, அமெரிக்கப் பிக்கப் டிரக் எஞ்சின்களில் செய்கிறார்களே, வி.வி.டி.யையே பூட்டிவிட்டுப் பெரிய கேம் போடுவது. அங்கே இ.சி.யு.வை (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரை) திரும்ப டியூன் செய்துதான் ஓட்டுகிறார்கள். நமக்கு 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 புகை விதி, விளக்கை எரியவிட்டுக்கொண்டு எஃப்.சி.க்குப் போகிற தைரியம் எனக்கில்லை. விடுங்கள்.

ஆக, மிச்சம் இரண்டு. கம்பெனி புது கேம்; அல்லது விபத்தில் சிக்கிப் பிரித்த வண்டியிலிருந்து எடுத்த பழைய கேம்.

பழையதின் பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்குச் சொன்ன விலை புதியதில் மூன்றில் ஒரு பங்குதான். அன்றைக்கே கையில் கிடைக்கும். புதியதை ஷோரூமில் கேட்டால் கேம் எல்லாம் அலமாரியில் வைத்திருக்க மாட்டார்கள், ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். குறுவை அறுவடை நடக்கும்போது வண்டி பட்டறையில் நின்றால் போகிற வாடகைக்கு யார் பதில் சொல்வது? பழைய கேம் போட்டு ஓடுகிற வண்டி ஒன்றை எனக்குத் தெரியும், இதுவரை தொந்தரவு இல்லை. ஒரே ஒரு வண்டி என்பதால் அதை வைத்து நான் பெரிதாக எதுவும் பேசவில்லை.

இருந்தும் நான் புதியதைத்தான் போட்டேன். காரணம் லோப் அல்ல, ஜர்னல்; அதாவது கேம் ஹெட்டில் உட்கார்ந்து சுழலும் உருண்டைப் பகுதி.

வி.வி.டி. வேலை செய்வது எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தில். கேமின் முன்முனையில் இருக்கும் வி.வி.டி. கியருக்குள் சின்னச் சின்ன அறைகள் உண்டு. இ.சி.யு. சொல்கிறபடி ஆயில் கண்ட்ரோல் வால்வு ஒரு பக்க அறைக்கு ஆயிலைத் தள்ளினால் கேம் முன்னால் திரும்பும், மறுபக்கம் தள்ளினால் பின்னால் வரும். இந்த ஆயில் கியருக்குப் போய்ச் சேருவது கேமின் முன் ஜர்னலில் உள்ள பள்ளங்கள், துளைகள் வழியாக. இந்த மாதிரி ஹெட்டில் கேமுக்குத் தனி பேரிங் கிடையாது; அலுமினிய ஹெட்டிலும் அதன் மூடியிலும்தான் நேரடியாகச் சுழல்கிறது. நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஜர்னல் கொஞ்சம் தேய்ந்தாலும் ஆயில் ஓரத்தில் கசிந்துவிடும், கியருக்குப் போக வேண்டிய அழுத்தம் போகாது. லோப் பளபளவென்று இருக்கும் பழைய கேமிலும் இது நடக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோமீட்டர் வைத்தால்தான் தெரியும். என் மெக்கானிக் சொன்னது இதுதான்: "பழைய கேமும் ஓடும் அண்ணே, ஆனா ஆயில் நிக்காது."

இது எங்கே கடிக்கும் என்றால், சூடான எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது. ஆயில் இளகியிருக்கும், பம்பும் குறைவாகத்தான் தள்ளும். நம்ம ஊர் ஓட்டமே அந்த மாதிரிதான். களத்தில் ஸ்டார்ட் செய்து கொள்முதல் நிலையம் வரை இரண்டு மூன்று கிலோமீட்டர், அங்கே வரிசையில் பத்தடி நகர ஒரு ஸ்டார்ட், அப்புறம் ஆஃப். பைபாஸில் ஒரே வேகத்தில் போகிற வண்டிக்குப் பழைய கேம் போதுமாக இருக்கலாம். நமக்கு அப்படியில்லை. குறைந்த தூர ஓட்டத்தில் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேர்ந்து கசடு கட்டும். கண்ட்ரோல் வால்வின் சன்ன வலையை முதலில் அடைப்பது அந்தக் கசடுதான். அதனால் கிலோமீட்டர் கணக்கை நம்பி ஆயில் மாற்றுவதை நான் விட்டுவிட்டேன். குறுவை முடிந்ததும் ஒன்று, சம்பா முடிந்ததும் ஒன்று, இடையில் புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் வந்துவிட்டால் அதற்கும் ஒன்று. புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடுதான், கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

பழையதில் இன்னொரு வம்பு. பார்க்க ஒரே எஞ்சின் மாதிரி இருந்தாலும், ஒரு வருஷத்து மாடலில் உள்வால்வுக்கு மட்டும் வி.வி.டி., அடுத்ததில் இரண்டுக்கும் என்று மாறியிருக்கும். முன்முனைத் துளையும் அங்கே நிற்கும் சின்ன ஆணியும் வேறு, கேம் சென்சார் படிக்கும் பல் வேறு. தப்பானது விழுந்தால் பி0016 (கேம் டைமிங் எஞ்சின் சுற்றோடு பொருந்தவில்லை என்ற கோடு) வரும், இல்லையென்றால் ஸ்டார்ட்டே ஆகாது. உங்கள் பழைய கேமைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் என் கட்சி தோற்றுப்போகும். ஜர்னல் தேய்ந்தால் அது உட்காரும் ஹெட்டும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் புது கேம் பாதி வைத்தியம்தான். மூடிகளை ஹெட்டோடு சேர்த்தே கடைந்திருப்பார்கள், வேறு ஹெட்டின் மூடியை மாட்டவும் முடியாது. பூட்டுவதற்கு முன் ஜர்னல் மேல் பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்து, மூடியை டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்கித் திரும்பக் கழற்றி, நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி அளவு தாண்டியிருந்தால், பிரித்த வண்டியின் முழு ஹெட்டை அதன் மூடிகளோடும் கேமோடும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். எனக்கு அளவுக்குள் இருந்தது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று சிலவற்றைக் கவனியுங்கள். வி.வி.டி. கியரின் நடு போல்ட்டைக் கழற்றும்போது கேமின் அறுகோணப் பகுதியை ஸ்பேனரால் பிடிக்க வேண்டும், செயினை நம்பி இழுக்கக் கூடாது. கியர் முகத்தில் உள்ள சின்ன போல்ட்டுகளைத் தொடவே கூடாது. மாட்டிய பிறகு கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி டைமிங் மார்க் திரும்ப நேராக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது உள்ளே 0.2, வெளியே 0.3 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். சரியான எண்ணை உங்கள் வண்டிப் புத்தகத்தில் பாருங்கள்.

கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், கேம் எதுவானாலும் கழற்றும் வேலை அதே வேலை. விற்கும்போது பில் காட்டினால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம் என்கிறார்கள் தரகர்கள். நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. பில்லையும் தேய்ந்த கேமையும் சீட்டுக்கு அடியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.