மர வளையமும் பன்பாயும்

மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் ஐந்து மர வளையங்கள் கொண்ட அடுக்குக் கோபுரத்தை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். மகளுக்கு அப்போது ஆறரை மாதம். இரு கைகளையும் முன்னால் ஊன்றித்தான் உட்காருவாள்.

முதலில் மெத்தைமேல் இருத்தினேன். இடுப்பு அமிழ்ந்து சரிந்துகொண்டே இருந்தாள். கல்லடியிலிருந்து வந்த என் அம்மா, சீமெந்துத் தரையில் பன்பாயை இரண்டாக மடித்து விரித்தார். அதன் பிறகுதான் வளையங்களுக்கு வேலை வந்தது. சிவப்பு வளையத்தை முழங்காலுக்கு முன்னால் வைத்தேன். ஒரு கையைத் தரையிலிருந்து எடுத்தாள். சில நாட்களில் இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு தோள் உயரத்தில் நீட்டினேன். எட்டிப் பிடித்துவிட்டு மீண்டும் நிமிரும் அந்த அசைவுதான் முதுகையும் வயிற்றுத் தசைகளையும் உறுதியாக்குகிறது. நான் கை எட்டும் தூரத்திலேயே இருந்தேன்.

துணையின்றி உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்துக்குள் வரலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள்.

இந்தக் கோபுரத்தில் குறையும் உண்டு. வளையங்களைக் கோக்கும் நடுத்தண்டு விறைப்பானது, குப்புற விழுந்தால் கண்ணைக் குத்தும். கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். மஞ்சள் வளையத்தின் சாயம் எச்சில் பட்டு இரண்டாம் வாரமே உரிந்தது. எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு விற்கும் பொருளில் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மாற்றித் தரவும் கடையில் மறுத்துவிட்டார்கள்.

சாயம் பூசாத வளையங்கள் கிடைத்தால் வாங்குங்கள். நேற்று மகள் இடுப்பைத் திருப்பி, பின்னால் கிடந்த நீல வளையத்தை எடுத்தாள். விழவில்லை.