ஸ்போர்ட் குரோனோ இருந்தால் கார் வேகமாகப் போகுமா? மூன்று வருடம் ஓட்டியவன் சொல்கிறேன்

போன வாரம் நண்பன் ஒருவன் இரண்டு கார்களின் படத்தை அனுப்பி எதை எடுக்கட்டும் என்று கேட்டான். இரண்டுமே போர்ஷே 718 கேமன், இரண்டுமே பி.டி.கே. என்கிற, தானே கியர் மாற்றும் கியர்பாக்ஸ், இரண்டும் பழைய வண்டிகள், வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் ஸ்போர்ட் குரோனோ பேக்கேஜ் என்கிற, விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் வசதித் தொகுப்பு இருக்கிறது, ஆனால் நிறைய ஓடிய வண்டி, டயர் மொட்டையாகிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் பேக்கேஜ் கிடையாது, ஓட்டம் குறைவு, நாலு டயரும் புதுசு. "குரோனோ இருந்தா வண்டி நிஜமாவே வேகமாப் போகுமாடா, அதை மட்டும் சொல்லு" என்றான். ஒரு வரியில் முடித்திருக்கலாம். எனக்குத்தான் இந்த விஷயத்தில் மூன்று வருடத்து ஆத்திரம் உள்ளே கிடக்கிறது, அதனால் இப்படி நீண்டுவிட்டது.

ஆத்திரம் குரோனோ உள்ள என் கேமனின் மேல் இல்லை, அதை எனக்கு விற்ற ஆளின் மேல். "குரோனோ இருக்கு சார், இருபது ஹார்ஸ்பவர் கூடவே வரும்" என்று அவர் சொன்னார், நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்றிரவு விவரப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பேக்கேஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 2 லிட்டர் டர்போ எஞ்சின், அதே 300 ஹார்ஸ்பவர், அதே 380 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. உச்ச வேகமும் அதே 275 கிலோமீட்டர்தான். கம்பெனி எந்த இடத்திலும் கூடுதல் சக்தி என்று சொல்லவே இல்லை, சொன்னது இவர்தான். இந்தக் கதை எங்கிருந்து முளைத்திருக்கும் என்று பிறகு ஓரளவு பிடிபட்டது. போர்ஷேயின் பழைய 911 டர்போவில், அதாவது 997 என்ற குறியெண் கொண்ட தலைமுறையில், குரோனோ வாங்கினால் ஓவர்பூஸ்ட் என்று ஒன்று உண்டு, பத்து விநாடிக்கு டார்க் 620இலிருந்து 680 நியூட்டன் மீட்டராக ஏறும். அது வேறு கார், வேறு எஞ்சின். அந்தப் பெருமையை எல்லாக் காருக்கும் பொதுச் சொத்தாக்கிவிட்டார்கள் போல.

சரி, எண்ணுக்கு வருகிறேன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட பி.டி.கே. கேமனுக்கு 4.9 விநாடி, குரோனோ இருந்தால் 4.7. கையால் கியர் போடும் வண்டிக்கு 5.1, அங்கே குரோனோவுக்கென்று தனி எண்ணே கிடையாது. இதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. அந்த 0.2 விநாடி எஞ்சினிலிருந்து வரவில்லை, கிளம்பும் விதத்திலிருந்து வருகிறது. லாஞ்ச் கண்ட்ரோல் என்று பெயர். ஸ்டியரிங்கில் இருக்கும் மோடு மாற்றும் திருகியை ஸ்போர்ட் பிளஸ் என்கிற முறுக்கான மோடுக்குத் திருப்பி, இடது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, வலது காலை ஒரே மிதியாக மிதித்தால் எஞ்சின் ஒரே சுழற்சி வேகத்தில் நிலைத்து உறுமும், பிரேக்கை விட்டதும் டயர் அதிகம் வழுக்காமல் பிய்த்துக்கொண்டு போகும். அந்த 0.2 விநாடி எவ்வளவு என்று தூரமாகப் போட்டுப் பாருங்கள், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர், ஆக ஐந்தரை மீட்டர் சொச்சம். கேமனின் நீளமே 4.38 மீட்டர்தான். ஒரு கார் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே முன்னால் நிற்பீர்கள், அவ்வளவுதான். பந்தயத்தில் அது பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரருக்குத் தான் பந்தயத்தில் இருப்பதே தெரியாது.

மூன்று வருடத்தில் லாஞ்ச் கண்ட்ரோலை ஒன்பது தடவை போட்டிருக்கிறேன். ஒன்பதும் ஒரே நாளில், ஒரே டிராக்கில். நேரம் எடுக்க ஒரு ஜி.பி.எஸ். பெட்டி இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது, சாதாரணமாக மிதித்துக் கிளம்பியதைவிட ஒவ்வொரு முறையும் லாஞ்ச் கொஞ்சம் முந்தியது. அப்புறம் எனக்குச் சந்தேகம் வந்து, 60இல் ஓடிக்கொண்டே, நானே இரண்டாவது கியரைப் போட்டுவைத்து, நார்மலில் ஒரு தடவையும் ஸ்போர்ட் பிளஸில் ஒரு தடவையும் முழுசாக மிதித்தேன். இப்படி மாற்றி மாற்றிப் பல தடவை. பெட்டியால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கோ ஸ்போர்ட் பிளஸ்தான் வேகம் என்று சத்தியம் செய்யலாம் போலிருந்தது. சத்தம் அப்படி, பெடல் லேசாகத் தொட்டாலே துள்ளுகிறது. ஆனால் அடிவரை மிதித்துவிட்டால் மிச்சம் கொடுப்பதற்கு எஞ்சினிடம் எதுவும் இல்லை, எந்த மோடாக இருந்தாலும்.

இங்கேதான் எனக்கு விஷயம் உறைத்தது. குரோனோ வேகத்தைக் கூட்டுவதில்லை, காத்திருப்பைக் குறைக்கிறது. நார்மலில் 70இல் போய்க்கொண்டிருக்கும்போது கியர்பாக்ஸ் எரிபொருளை மிச்சம் பிடிக்க ஏழாவது கியரில் போய் உட்கார்ந்திருக்கும். முன்னால் ஒரு லாரி, எதிரே ரோடு காலி, மிதிக்கிறீர்கள். கியர் இறங்க வேண்டும், டர்போவில் அழுத்தம் ஏற வேண்டும், அதற்குள் ஒரு சின்ன மௌனம். நீண்ட நேரமில்லை, ஆனால் எதிர்ப்பக்கம் வண்டி தெரிய ஆரம்பித்துவிட்டால் அது ரொம்ப நீளம். ஸ்போர்ட் பிளஸில் இந்த மௌனம் இல்லை, கியர் முன்பே கீழே இருக்கிறது. அதற்காக நாள் முழுக்க ஸ்போர்ட் பிளஸில் ஓட்ட முடியுமா என்றால், முடியாது, கடைக்குப் போவதற்குக்கூட வண்டி கத்திக்கொண்டே போகும்.

அதற்குத்தான் அந்தப் பொத்தான். மோடு மாற்றும் திருகியின் நடுவில் சின்னதாக ஒரு வட்டம், ஸ்போர்ட் ரெஸ்பான்ஸ். பி.டி.கே. வண்டியில் மட்டும்தான் உண்டு. அமுக்கினால் இருபது விநாடிக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் முழு விழிப்பில் நிற்கும். கியர் இரண்டு மூன்று படி சட்டென்று இறங்கும், முதுகுக்குப் பின்னால் எஞ்சின் தொண்டையைத் திறக்கும், மீட்டர் பக்கத்துத் திரையில் இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். மூன்று வருடமாகியும் எனக்கு இது சலிக்கவில்லை. வாங்கும்போது இப்படி ஒரு பொத்தான் இருப்பதே எனக்குத் தெரியாது, இல்லாத இருபது ஹார்ஸ்பவரைப் பற்றி வாய் கிழியப் பேசிய மனிதர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு லாரியைத் தாண்ட ஆறேழு விநாடி போதும், மீதிப் பதின்மூன்று விநாடிக்கு, எல்லோரும் கலைந்துபோன பிறகும் ஒருத்தர் மட்டும் கத்திப் பேசிக்கொண்டிருப்பதுபோல் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். அந்தப் பதின்மூன்று விநாடிதான் எனக்கு இன்னும் பிடிக்கும். யாரையும் தாண்ட வேண்டிய அவசியமே இல்லாத நாளிலும் அமுக்கியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நியாயமாகப் பார்த்தால் இதுவும் ஏமாற்றுத்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்ற இருக்கும் பேடில்களில் இடது பக்கத்ததை நாலு தடவை இழுத்தால் ஏழிலிருந்து மூன்றாவது கியருக்கு நானே இறக்கிக்கொள்ளலாம், பேக்கேஜ் இல்லாத வண்டியிலும் இழுக்கலாம். என் விரல் செய்யக்கூடிய வேலையைத்தான் அந்தப் பொத்தான் கொஞ்சம் ஒழுங்காகச் செய்கிறது, கூடவே டர்போவையும் தயாராக வைக்கிறது. அதைத் தெரிந்துகொண்டும் அமுக்குகிறேன்.

டேஷ்போர்டின் உச்சியில் ஒரு வட்டக் கடிகாரம் உட்கார்ந்திருக்கும், பேக்கேஜின் பெயரே அதை வைத்துத்தான். ஏறுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அது என்ன என்றுதான், பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "ஸ்டாப் வாட்ச்." "எதுக்கு?" "டிராக்ல ஒரு சுற்று எவ்வளவு நேரம்னு பார்க்க." "நீ டிராக்குக்குப் போவியா?" இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. டிராக்குக்குப் போன அந்த ஒரு நாளும் இரவல் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கடிகாரத்தை ஓடவிட மறந்தே போனேன். அதை நான் உருப்படியாக உபயோகித்தது ஒரே ஒரு தடவை, ஒரு சிவப்பு விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்க்க. 94 விநாடி. மற்றபடி மணி பார்க்க நன்றாக இருக்கிறது.

அப்புறம் எஞ்சின், கியர்பாக்ஸைத் தாங்கும் மவுன்ட் ஒன்று இறுகித் தளரும் வகையாக வருகிறது, வளைவில் உள்ளே இருக்கும் கனம் ஆடாமல் இருக்க. இருக்கிறது என்று தெரிந்ததால் தெரிகிறதா, உண்மையிலேயே தெரிகிறதா என்று சொல்லுமளவுக்கு என் முதுகுக்கு ஞானம் இல்லை.

ஆகவே நண்பனுக்கு எழுதினேன். குரோனோ இல்லாத வண்டியையே எடு. நீ லாஞ்ச் கண்ட்ரோல் போடப்போவதில்லை, போட்டாலும் தேய்ந்த டயரில் அந்த 0.2 விநாடி புகையாகத்தான் போகும். புது டயர் வளைவிலும் பிரேக்கிலும் மழையிலும் உனக்குக் கொடுப்பதை எந்தப் பேக்கேஜும் கொடுக்காது. பேடிலை இழுக்கப் பழகிக்கொள், முடிந்தது கதை. நன்றாக யோசித்துத்தான் எழுதினேன், இப்போதும் அதில் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன்.

உடனே திருப்பிக் கேட்டான், "அப்போ உன் வண்டியைக் கொடுத்துட்டு நீ அதை எடுத்துப்பியா?"

மாட்டேன் என்று அனுப்பினேன். ஏன் என்று கேட்டான். புது டயர் வண்டியை எடு, அதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு என் வண்டிப் பக்கம் மட்டும் வராதே, வந்தால் அந்தப் பொத்தானை அமுக்கிவிடுவாய் என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.