ஃபோர்ட்ஸ் தியேட்டர்: துப்பாக்கியை விட்டு மேடையைப் பாருங்கள்

லிங்கன் சுடப்பட்ட இந்த வாஷிங்டன் நாடக அரங்கில், கூட்டமெல்லாம் அடித்தள அருங்காட்சியகத்தின் டெரிஞ்சர் துப்பாக்கி முன்னால்தான். உள்ளங்கையில் அடங்குகிற, ஒரே குண்டு போடுகிற துப்பாக்கி. பார்க்க ஒரு நிமிடம் போதும். அங்கேயே இருக்கும், லிங்கன் நாடகம் பார்த்த மாடத்தின் கதவிடம் நின்று நிதானமாகப் பாருங்கள். அதில் சிறு துளை ஒன்று இருக்கும். கொலையாளி பூத் குடைந்தது என்பது பழைய கதை. காவலர் உள்ளே பார்ப்பதற்காகத் தியேட்டர்காரர்களே போட்டது என்று தியேட்டர் உரிமையாளரான ஃபோர்டு குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். முடிவு உங்களுடையது.

அரங்குக்குள் போனதும் இடப்பக்க நாற்காலிகளுக்குப் போய்விடுங்கள். ஜனாதிபதி மாடம் வலப்பக்கம் என்பதால், அங்கிருந்துதான் மாடமும் மேடையும் சேர்ந்து தெரியும். கொலை எப்படி நடந்தது என்பதும் அப்போதுதான் புரியும். பூத் நடிகன், அன்றைய நாடகம் அவனுக்கு மனப்பாடம். 1865 ஏப்ரல் 14 இரவு பத்தே காலுக்கு, மேடையில் ஒரே ஒரு நடிகர் நிற்க, சபை குலுங்கிச் சிரிக்கும் வசனம் வரும்வரை காத்திருந்து சுட்டான். சுமார் 12 அடி கீழே மேடையில் குதித்து, பின்வாசல் வழியாகக் குதிரையேறினான். கால் முறிந்தது குதித்தபோதா, பிறகு குதிரை சறுக்கியபோதா என்று இன்றும் வாதாடுகிறார்கள். குதித்தபோதுதான் என்பது அவன் டைரியில் எழுதியது. அந்த டைரியும் கீழே இருக்கிறது, சில தாள்கள் இல்லாமல்.

ஒன்று தெரிந்து போங்கள்: அரங்கம் அசலல்ல. அரசு அலுவலகமாக இருந்தபோது, 1893-இல் உள்தளங்கள் இடிந்து 22 பேர் இறந்தார்கள். பழைய தோற்றத்தில் மறுபடி கட்டி 1968-இல் திறந்தார்கள். மாடத்தில் சிவப்பு சோபாவும் முகப்பிலுள்ள ஜார்ஜ் வாஷிங்டன் படமும் அசல். லிங்கன் உட்கார்ந்திருந்த ஆடுநாற்காலி மிச்சிகனில், ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பலர் ஏமாறுவது நேரத்தில்தான். இன்றும் நாடகம் நடக்கிற இடம். ஒத்திகையோ பகல் காட்சியோ இருந்தால் அரங்கத்தை மூடிவிடுவார்கள், அருங்காட்சியகம் மட்டும்தான் கிடைக்கும். நேரம் குறித்த டிக்கெட் எடுக்குமுன் அன்றைய அட்டவணையில் அரங்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நாடகமே பார்ப்பதானால் மாடிக்குக் கீழே, தூண்களுக்குப் பின்னால் வரும் இருக்கைகள் வேண்டாம். ஜனாதிபதி மாடத்துக்கு டிக்கெட் விற்பதே இல்லை.

எதிரே பீட்டர்சன் வீடு. மறுநாள் காலை 7.22-க்கு லிங்கன் உயிர் பிரிந்த அறை மிகச் சிறியது. பின்னால் வரிசை நெருக்கும், நிற்க விடமாட்டார்கள். கட்டிலும் நகல்தான், அசல் சிகாகோவில்.