2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம்: டீக்கடை ஊரில் எப்படிப் பயன்படுத்துவது?

சிகரெட், பீடியை விட நினைப்பவருக்கு மருத்துவர் சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கிடைப்பது இந்த 2 மி.கி. சூயிங்கம். 4 மி.கி.க்குச் சீட்டு வேண்டும். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் சின்ன ஊர்களில் வாங்கிப் போடுபவர்களில் பலர் "விக்கல் வருது, நெஞ்சு எரியுது, தம் அடிக்கிற ஆசை மட்டும் போகலை" என்று நாலே நாளில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் தப்பு மெல்லுகிற விதத்தில்தான்.

சாதாரண சூயிங்கம் போல இதை விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் குமட்டலும் அதனால்தான். கன்னத்தின் உள்தோல் வழியாக உடம்பில் ஏறினால்தான் பலன். மெதுவாக மெல்லுங்கள், காரமாகச் சுருக்கென்று பட்டதும் நிறுத்தி, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே அதக்கிக்கொள்ளுங்கள். காரம் தணிந்ததும் மறுபடி சில தடவை மென்று, வேறு இடத்தில் அதக்க வேண்டும். ஒன்று அரை மணி நேரம் வரும். முதல் 6 வாரம் 1-2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2-4 மணிக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4-8 மணிக்கு ஒன்று. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 2 மி.கி. போதாது, மருத்துவரைப் பார்த்து 4 மி.கி. கேட்கலாம்.

பெரிய சிக்கல் டீ. டீ, காபி, கலர் சோடா எதுவானாலும் வாயில் புளிப்புத்தன்மை கூடி நிக்கோட்டின் ஏறுவது குறையும். போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, வாயில் இருக்கும்வரை தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. டீயும் தம்மும் ஒன்றாகவே போகிற ஊரில் இது லேசல்ல. அதனால் வீட்டிலேயே ஒன்றைப் போட்டு முடித்துத் துப்பிவிட்டு டீக்கடைக்குப் போவது நல்லது. சிகரெட் சில நொடிகளில் மூளையை எட்டும். சூயிங்கத்துக்கு இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஆசை வந்தபிறகு போட்டால் தாமதம்தான்.

டீக்கடையில் பீடி நீட்டுபவர் கெட்ட எண்ணத்தில் நீட்டுவதில்லை. ஆனால் மறுத்தால் "என்னப்பா, விலகிப்போறே" என்று படும். கூடவே உட்காருபவர் இரண்டு பேரிடமாவது முதலிலேயே சொல்லி வைத்தால் அந்தத் தர்மசங்கடம் குறையும்.

சூயிங்கத்துக்குப் பதில் வேப் (மின் சிகரெட்) என்று இளவட்டங்கள் நினைக்கிறார்கள். புகையிலை வாடை இல்லாததால் வீட்டில் கண்டுபிடிப்பதும் இல்லை. 2019 சட்டப்படி இந்தியாவில் அதை விற்பதே குற்றம். திருட்டுத்தனமாக வருவதில் நிக்கோட்டின் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதை மாற்று என்று பரிந்துரைக்கவே முடியாது.

மெடிக்கலில் இரண்டு மூன்றாக வெட்டி வாங்கினால் உள்ளே இருக்கும் குறிப்புச்சீட்டு கைக்கு வராது. சில்லறையாக சிகரெட் வாங்குபவர் கண்ணிலும் 2018 முதல் பாக்கெட்டில் அச்சாகும் 1800-11-2356 படுவதில்லை. புகையிலையை விட உதவும் இலவச எண் அது. ஆலோசகர் தமிழிலும் பேசுவார். சூயிங்கத்தோடு இதையும் சேர்த்துக்கொள்வதே என் பரிந்துரை.

பல்செட் போட்டவருக்கு ஒட்டிக்கொள்ளும். கர்ப்பிணிகளும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். மென்று முடித்ததிலும் நிக்கோட்டின் மிச்சமிருக்கும். காகிதத்தில் சுற்றிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள்.