நேரடி விதைப்பு செய்தவர்களே, களைக்கொல்லி பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

சேற்று வயலில் முளைகட்டிய விதையைத் தெளித்துவிட்டுக் களைக்கொல்லி வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். நடவுக்கு ஆள் கிடைக்காமல் மூன்று வருடமாக நேரடி விதைப்புதான். போன சம்பாவில் 3 ஏக்கரில் சி.ஆர். 1009 நெல் ரகத்தைத் தெளித்தேன். நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒன்றாகவே முளைத்து வரும். நடவு வயலில் நாற்று களையைவிட மூன்று வாரம் மூத்தது, இங்கே அந்த வசதி கிடையாது. அதனால் விதைத்த நான்காம் நாளுக்குள் பிரிட்டிலாகுளோர் என்ற களைக்கொல்லியைப் போட்டுவிடுவோம்.

அந்த மருந்தில் இரண்டு வகை உண்டு. 50 ஈ.சி. என்று வருவது நடவு வயலுக்கு (எண் மருந்தின் சதவீதம், ஈ.சி. என்பது தண்ணீரில் கலக்கும் திரவ வடிவம்). 30.7 ஈ.சி. என்று வருவதில் சேஃப்னர் கலந்திருக்கும். நெல் முளையை மருந்து தாக்காமல் காப்பது அதுதான். சேற்று விதைப்புக்கு இதைத்தான் போட வேண்டும். மருந்தின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அவசரத்தில் எண்ணைப் பார்க்கத் தோன்றாது.

அப்பா காலத்திலிருந்து வாங்கும் கடை. "விதைச்ச வயலுக்குண்ணே, நாளைக்கு நாலாம் நாள்" என்று சொல்லித்தான் கேட்டேன். எடுத்துக் கொடுத்தது 50 ஈ.சி. அட்டைப்பெட்டி இல்லை, உள்ளே இருக்க வேண்டிய விளக்கத் தாளும் இல்லை. பில் கேட்டால் "மிஷின் ஓடல தம்பி" என்று துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அங்கேயே யூரியாவும் வாங்கினேன். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. என்னிடம் வாங்கியது 330. கூடவே ஒரு நானோ யூரியா (தெளிக்கும் திரவ யூரியா) பாட்டிலையும் எடுத்தால்தான் மூட்டை கிடைக்கும் என்றார். பருவம் தவறிவிடுமே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மருந்து போட்ட ஒரு வாரத்தில் வயலைப் பார்க்கவே முடியவில்லை. மேட்டில் பரவாயில்லை. தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் முளை அப்படியே நின்றுவிட்டது. வந்த இலையும் விரியாமல் முறுக்கிக்கொண்டு கிடந்தது. கடைக்கு ஓடினேன். "பயிர் ஏங்குது, ஒரு மூட்டை யூரியா விடுங்க, தெளிஞ்சிடும்" என்றார். நம்பி விட்டேன். என் வயிறு இன்னும் எரிவது இந்த இடத்தில்தான். அடிபட்ட நாற்று யூரியாவை எடுக்கவில்லை, மருந்துக்குத் தப்பிய குதிரைவாலிப் புல்லும் கோரையும் எடுத்துக்கொண்டன. பத்தே நாளில் நெல்லைவிடப் புல் உயரம்.

அப்புறம்தான் வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போனேன். அலுவலர் வயலுக்கே வந்து, பாட்டிலைத் திருப்பி, நடவு நெல்லுக்கு என்று போட்டிருந்த வரியைக் காட்டினார். முறுக்கல் தெரிந்த அன்றே தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் வைத்திருக்க வேண்டும், பயிர் தேறும்வரை யூரியா பக்கமே போயிருக்கக் கூடாது என்றார். அந்த வார்த்தையைக் கடைக்குப் போகும் முன் கேட்டிருந்தால் வயல் இந்த அளவுக்குப் போயிருக்காது.

1 ஏக்கரை அழித்து உழுது, குறுகிய வயது ரகம் தேடி மறுபடி விதைத்தேன். மீதி 2 ஏக்கரில் தண்ணீரை வடித்துவிட்டு, முளைத்த களையைக் கொல்லும் பிஸ்பைரிபேக் மருந்தை அடித்து, மறுபடி தண்ணீர் கட்டினோம். அடர்ந்த இடத்துப் பயிரைப் பிடுங்கிச் சொட்டை விழுந்த இடத்தில் கலைத்து நட்டோம். ஆள் கூலி மிச்சம் என்று நேரடி விதைப்புக்கு வந்தவனுக்கு, நடவைவிடக் கூலி அதிகம் போனது.

கடைக்காரரிடம் கேட்டால், "நடவு வயலுக்குன்னுதானே கேட்டீங்க" என்கிறார். பில் இருந்தால் எந்த மருந்து, எந்தத் தொகுப்பு எண் என்றாவது எழுத்தில் இருந்திருக்கும். என் கையில் இருப்பது 'மருந்து, உரம்' என்று எழுதிய துண்டுச் சீட்டு.

பெட்டியும் விளக்கத் தாளும் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். எந்த வயலுக்கு என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். ஊற்றும் முன் பாட்டிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காலி பாட்டிலை அறுவடை முடியும்வரை எறியாதீர்கள். சந்தேகம் என்றால் 1800-180-1551 உழவர் அழைப்பு மையம் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கூடுதல் விலைக்கும் நானோ யூரியாவைத் தலையில் கட்டியதற்கும் வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். களைக்கொல்லிக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதே போல் ஏமாந்து, பில் இல்லாமல் வழக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.